கொல்லணும்னு நினைச்சானா இல்லையா, கோர்ட் அதை எங்க தேடுது?

(சட்டம் சம்பந்தமான வாசகர் கேள்விகளுக்கு வக்கீல் பதில்)

போன இதழ்ல வீட்டுக்குள்ள நடக்கிற கொலைகளைப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கே நெறைய பேர் கடிதம் போட்டிருக்கீங்க. முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறது ஒரே விஷயம்தான், புருஷன் பொண்டாட்டி சண்டையில உயிர் போயிட்டா அதுல "கொல்லணும்ங்கற எண்ணம்" இருந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: மேடம், எங்க சித்தி பொண்ணை அவ வீட்டுக்காரன் அம்மிக்குழவியால தலையில அடிச்சுட்டான். மூணாவது நாள் ஜி.ஹெச்.ல உயிர் போயிடுச்சு. கேஸ் இப்ப செஷன்ஸ் கோர்ட்ல நடக்குது. அவங்க வக்கீல் "ஒரே ஒரு அடிதான், கோவத்துல நடந்துடுச்சு, கொல்லணும்ங்கற எண்ணமே கிடையாது, இது கொலையே இல்ல"ன்னு வாதாடுறாராம். ஒரு உயிரே போயிருக்கு, கொலை இல்லன்னு எப்படி சொல்ல முடியும்? அவன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரு போய் பாத்தா? (வாசகி, சேலம்)

அம்மா, உங்க கோவம் எனக்கு நல்லாவே புரியுது. ஆனா சட்டத்துல எல்லா சாவும் கொலை கிடையாது, அதை முதல்ல சொல்லிடணும். பழைய இ.பி.கோ.வுல 299, 300னு ரெண்டு பிரிவு இருந்துச்சு, 2024 ஜூலை 1-ல இருந்து நடந்த சம்பவம்னா பி.என்.எஸ்.ல (இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) அதே விஷயம் 100, 101னு வருது. கொலைன்னு முடிவானா 103, அதாவது பழைய 302, ஆயுள் அல்லது தூக்கு. கொலை இல்ல, கொலையாகாத மரணம் விளைவிச்ச குற்றம்தான்னு முடிவானா 105, அதாவது பழைய 304. அதுலயே ரெண்டு பகுதி இருக்கு, முதல் பகுதின்னா ஆயுள் இல்லன்னா 5 வருஷத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும், ரெண்டாவது பகுதின்னா அதிகபட்சமே 10 வருஷம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் இப்ப 103-ல இருந்து 105-க்கு இறக்கத்தான் பாக்குறாரு, அது அவரோட வேலை, அதுல தப்பு சொல்ல முடியாது.

ஆனா "கொல்லணும்ங்கற எண்ணம் இல்ல, அதனால கொலை இல்ல"ன்னு அவர் சொல்றது பாதி சட்டம்தான். கொலைன்னு சொல்றதுக்கு சட்டத்துல நாலு வழி இருக்கு, அதுல மூணாவது வழியைத்தான் வீட்டுக் கொலை வழக்குகள்ல அதிகமா பாக்குறோம். அதன்படி, கொல்லணும்னு நினைச்சிருக்கவே வேண்டாம். அந்தக் காயத்தை உண்டாக்கணும்னு நினைச்சு அடிச்சிருக்கணும், அந்தக் காயம் இயற்கையான போக்குல ஒரு ஆளோட உயிரை எடுக்கப் போதுமானதா இருக்கணும், அவ்வளவுதான். இதை 1958-லயே சுப்ரீம் கோர்ட் விர்சா சிங் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, நீதிபதி விவியன் போஸ் எழுதின தீர்ப்பு, இன்னிக்கும் எந்த செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனாலும் அதை எடுத்துப் படிக்காம கொலை வழக்கு வாதம் முடியாது. அந்த வழக்குலயும் ஒரே ஒரு குத்துதான், ஈட்டியால அடிவயித்துல. குடல் வெளிய வந்துடுச்சு, மறுநாள் சாயங்காலம் ஆள் போயிட்டாரு. ஒரே குத்துதானே, சாகடிக்கணும்னு நினைக்கலையேன்னு அங்கயும் வாதாடினாங்க. கோர்ட் கேட்டது வேற கேள்வி. அந்த இடத்துல அந்தக் காயத்தை ஏற்படுத்தணும்னு நினைச்சுத்தான் குத்தினானா, இல்ல வேற எங்கயோ குத்தப் போய் தவறி அங்க பட்டுச்சா? தவறிப் படலைன்னா, அந்தக் காயம் எவ்வளவு பெருசுன்னு அவனுக்குத் தெரியுமா தெரியாதாங்கறது பிரச்சினையே இல்ல. அது சாவுக்குப் போதுமானதாங்கறதை டாக்டர் சாட்சியத்தை வெச்சு கோர்ட் முடிவு பண்ணிக்கும்.

அப்ப உங்க வழக்குல பார்க்க வேண்டியது என்னன்னா, அந்த அம்மிக்குழவி எங்க இருந்துச்சு? நான் இதை ரொம்ப அழுத்தி சொல்றேன், ஏன்னா குடும்பத்துக்காரங்க "எதுக்கு அடிச்சான்"ங்கறதையே திரும்பத் திரும்ப பேசுவாங்க, "எப்படி அடிச்சான்"ங்கறதை யாருமே பேச மாட்டாங்க. சமையக்கட்டுலயே சண்டை, கைக்கு எட்டின தூரத்துல குழவி கிடந்துச்சு, எடுத்து அடிச்சுட்டான்னா அது ஒரு கதை. முன் ரூம்ல சண்டை, அவன் எழுந்து சமையக்கட்டுக்குப் போய் குழவியைத் தூக்கிட்டு திரும்பி வந்து அடிச்சான்னா அது முழுக்க வேற கதை, நடுவுல அந்த பத்தடி நடந்திருக்கான்ல, அந்த பத்தடியில அவனுக்கு நிறுத்திக்க நேரம் இருந்துச்சு. இது எங்க பதிவாகும்னா, ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுற பார்வை மகஜர்லயும் மாதிரி வரைபடத்துலயும்தான். ரத்தம் எந்த ரூம்ல இருந்துச்சு, குழவி வழக்கமா எங்க இருக்கும், கடைசியில எங்க கிடந்து எடுத்தாங்க, இதெல்லாம் அதுல இருக்கணும். இருக்கான்னு உங்க பி.பி. (அரசுத் தரப்பு வக்கீல்) கிட்ட கேளுங்க.

அடுத்தது அடி எங்க விழுந்துச்சு, எவ்வளவு வேகத்துல. தோள்ல, கால்ல அடிக்கிறதும் தலையில அடிக்கிறதும் ஒண்ணு இல்ல. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல மண்டையோடு உடைஞ்சு உள்ள எலும்பு இறங்கியிருந்துச்சுன்னா எவ்வளவு பலத்தைப் போட்டு அடிச்சிருப்பான்னு அதுவே சொல்லிடும். டாக்டரை கோர்ட்ல விசாரிக்கும்போது "இந்தக் காயம் இயற்கையான போக்குல சாவை உண்டாக்கப் போதுமானதா?"ன்னு பி.பி. கேட்டு, அதுக்கு "ஆமா"ன்னு பதில் பதிவாகணும். இந்த ஒரு கேள்வியை கேட்காம விட்டா அந்த ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்பீல்ல நுழைஞ்சுடுவாங்க.

2006-ல புலிச்செர்லா நாகராஜு வழக்குல சுப்ரீம் கோர்ட் இன்னும் விலாவாரியா சொல்லிச்சு. என்ன ஆயுதம், கையோட கொண்டு வந்ததா இல்ல அங்கயே கிடந்ததை எடுத்ததா, உடம்புல எந்த இடம், எவ்வளவு பலம், திடீர் சண்டையா, முன்னாடியே பகை இருந்துச்சா, செத்தவங்க ஏதாவது தூண்டிவிட்டாங்களா, ஒரு அடியா பல அடியா, அடிச்சவன் நிலைமையைப் பயன்படுத்தி கொடூரமா நடந்துக்கிட்டானா, இதெல்லாம் சேர்த்துத்தான் எண்ணத்தைப் பார்க்கணும்னு. இதுல எதுவுமே தனியா நின்னு வழக்கை முடிவு பண்ணாது. ஒரே அடிங்கறதும் அப்படித்தான், அதை மட்டும் காட்டி தப்பிக்க முடியாது.

இன்னொண்ணு, "திடீர் சண்டை"ங்கற விதிவிலக்கைத்தான் அவங்க வக்கீல் பிடிப்பாரு. அந்த விதிவிலக்கு கிடைக்கணும்னா முன்கூட்டி திட்டம் இருக்கக்கூடாது, திடீர்னு சண்டை வந்திருக்கணும், அதோட அடிச்சவன் எதிராளியோட பலவீனத்தை அநியாயமா பயன்படுத்தியிருக்கக் கூடாது, கொடூரமா நடந்திருக்கவும் கூடாது. சண்டைன்னா ரெண்டு பக்கமும் கை ஓங்கியிருக்கணும். வெறுங்கையோட உக்காந்திருந்த பொண்ணை கல்லால அடிக்கிறதுக்குப் பேரு சண்டை இல்ல. இதை பி.பி. எழுத்துப்பூர்வமான வாதத்துலயும் கொடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: என் அக்கா மேல மண்ணெண்ணெய் ஊத்தி கொளுத்திட்டு, அப்புறம் மாமாவே தண்ணி ஊத்தி அணைச்சு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுப் போனாரு. காப்பாத்த நினைச்ச ஆளுக்கு கொலை எண்ணம் எப்படி இருக்கும்னு அவங்க வீட்ல கேட்குறாங்க. குடிபோதையில இருந்தாருன்னும் சொல்றாங்க. (வாசகர், விருதுநகர்)

தம்பி, இந்தக் கேள்விக்கு நேரடியா ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு, அது உங்களுக்கு சாதகமா இல்லைன்னாலும் சொல்லித்தான் ஆகணும். ராஜஸ்தான்ல காலு ராம்னு ஒருத்தன், குடிச்சுட்டு வந்து பொண்டாட்டி கிட்ட நகையைக் கேட்டான், வித்து இன்னும் குடிக்கிறதுக்கு. அவங்க கொடுக்கலை. மண்ணெண்ணெயை ஊத்தினான். தீப்பெட்டியை அவங்க கையிலயே கொடுத்து நீயே கொளுத்திக்கோன்னான். அவங்களால கொளுத்த முடியலை, இவனே குச்சியை உரசிப் போட்டான். தீ குபுகுபுன்னு ஏறினதும் பயந்துபோய் தண்ணியை ஊத்தினான். சுப்ரீம் கோர்ட், இவ்வளவு தூரம் போகும்னு இவன் எதிர்பார்க்கலைன்னு சொல்லி 302-ஐ 304 ரெண்டாவது பகுதிக்கு இறக்கிடுச்சு. உண்மையைச் சொல்லணும்னா அந்தத் தீர்ப்பை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஏத்துக்க முடியலை. உடம்புல எண்ணெயை ஊத்தி நெருப்பு வெச்சா என்ன ஆகும்னு சின்னப் பிள்ளைக்கே தெரியும்.

நல்லவேளையா அதுக்கப்புறம் வந்த வழக்குகள்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை அப்படியே எல்லாத்துக்கும் ஒட்ட வைக்கலை. தண்ணி ஊத்தினது நிஜமாவே காப்பாத்தவா, இல்ல அக்கம்பக்கத்துக்காரங்க ஓடி வந்துட்டாங்கன்னு அதுக்கப்புறம் பண்ணின நடிப்பான்னு பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. உங்க வழக்குல அதைத்தான் தோண்டணும். அக்கா கத்தி எவ்வளவு நேரம் கழிச்சு தண்ணி ஊத்தினாரு? கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா? முதல்ல உள்ள வந்தது யாரு? அவர் கையில தீக்காயம் இருந்துச்சா? நெருப்பை நிஜமா அணைச்சவன் கை வெந்திருக்கும், அது அன்னிக்கு ஜி.ஹெச்.ல போட்ட ஏ.ஆர். காப்பியில (விபத்துப் பதிவேட்டு நகல்) பதிவாகியிருக்கும். அதே ஏ.ஆர். காப்பியில டியூட்டி டாக்டர் கிட்ட முதல்ல என்ன காரணம் சொல்லி சேர்த்தாங்கன்னும் இருக்கும். "ஸ்டவ் வெடிச்சுடுச்சு"ன்னு சொல்லியிருந்தா காப்பாத்த நினைச்சவர் ஏன் பொய் சொன்னாருன்னு கோர்ட் கேக்கும்.

அக்கா மாஜிஸ்திரேட் கிட்ட மரண வாக்குமூலம் கொடுத்திருந்தா அதுதான் உங்களுக்கு பெரிய பலம். மரண வாக்குமூலம் நம்பும்படியா இருந்தா அதை மட்டுமே வெச்சுகூட தண்டிக்கலாம்னு குஷால் ராவ் வழக்குல இருந்தே சட்டம் இருக்கு. ஆனா ஒண்ணுக்கு மேல வாக்குமூலம் இருந்து ஒண்ணுல ஸ்டவ், இன்னொண்ணுல புருஷன்னு மாறி மாறி இருந்தா சிக்கல். புருஷன் பக்கத்துலயே நின்னா எத்தனையோ பொண்ணுங்க முதல்ல ஸ்டவ்வுன்னுதான் சொல்லுவாங்க, வீட்ல பிள்ளைங்க இருக்கே. முதல் வாக்குமூலம் எடுத்தப்ப கூட யாரு இருந்தாங்கன்னு பி.பி. கேட்டு பதிவு பண்ணணும்.

குடியைப் பத்தி சொல்றேன். தானா விரும்பி குடிச்சவனுக்கு குடி ஒரு பாதுகாப்பே கிடையாது, இ.பி.கோ.வுல 85, 86, இப்ப பி.என்.எஸ்.ல 23, 24. நினைக்கவே முடியாத அளவுக்கு நினைவு தப்பிப் போயிருந்தாத்தான் எண்ணத்தைப் பத்தி கேள்வி எழுப்பலாம். 1956-ல தீர்ப்பு வந்த வழக்கு ஒண்ணு, பாஸ்தேவ்னு ஒரு ரிட்டயர்டு ராணுவ ஜமேதார் கல்யாண வீட்ல குடிச்சுட்டு, உக்கார இடம் விடலைன்னு 15, 16 வயசுப் பையனை சுட்டுட்டாரு. தள்ளாடினாரு, ஆனா தானாவே நடந்தாரு, புரியும்படி பேசினாரு, அப்ப எண்ணமும் இருந்துச்சுன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் கொலைன்னே உறுதி பண்ணிச்சு. தீப்பெட்டியைத் தேடி எடுத்து உரசத் தெரிஞ்ச ஆளுக்கு என்ன பண்றோம்னு தெரியலைன்னு சொன்னா எப்படி?

கேள்வி: வீட்டுக்குள்ள ரெண்டே பேர். பார்த்த சாட்சி கிடையாது. "நான் தூங்கிட்டு இருந்தேன், காலையில பார்த்தா செத்துக் கிடந்தா"ன்னு சொன்னா கேஸ் அவ்வளவுதானா? காரணமும் தெரியலைன்னா? (வாசகர், தேனி)

அவ்வளவுதான் கிடையாது. 2006-ல திரிமுக் மாரோதி கிர்கன்னு மகாராஷ்டிரா வழக்கு. பொண்ணு பாம்பு கடிச்சு செத்துட்டான்னு பொறந்த வீட்டுக்கு சேதி போச்சு. போஸ்ட்மார்ட்டத்துல கழுத்தை நெரிச்சது தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள நடந்த சாவுக்கு வீட்ல இருந்தவன்தான் விளக்கம் சொல்லணும், பேசாம இருக்கிறதோ பொய் விளக்கம் சொல்றதோ அவனுக்கு எதிரா ஒரு கண்ணியா சேரும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. பழைய எவிடன்ஸ் ஆக்ட்ல 106, இப்ப புது சாட்சிய சட்டத்துல 109. ஆனா இதை வெச்சு போலீஸ் கையைக் கட்டிட்டு உக்கார முடியாது. அன்னிக்கு ராத்திரி அவன் வீட்லதான் இருந்தான், அது இயற்கைச் சாவு இல்லங்கற அடிப்படையை முதல்ல அரசுத் தரப்பு நிரூபிக்கணும், அதுக்கப்புறம்தான் அவன் வாயைத் திறக்கணும்ங்கற கட்டம் வரும். 1956-லயே ஷம்பு நாத் மெஹ்ரா வழக்குல சொன்னது இது.

பார்த்த சாட்சி இல்லைன்னு நீங்க சொல்றீங்க, வீட்ல பிள்ளைங்க இருந்தாங்களா? 2025 பிப்ரவரியில மத்தியப் பிரதேச வழக்கு ஒண்ணுல 7 வயசு மகளோட சாட்சியத்தை நம்பி சுப்ரீம் கோர்ட் அப்பாவோட தண்டனையைத் திரும்ப உறுதி பண்ணிச்சு. அம்மா கழுத்துல அப்பா காலை வெச்சு அழுத்தினாருன்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு. பொறந்த வீட்டுக்கு சொல்லாம ராத்திரியோட ராத்திரியா எரிச்சிருந்தாங்க. ஹைகோர்ட் விடுதலை பண்ணியிருந்த வழக்கு அது. சின்னப் பிள்ளைங்கற காரணத்தாலயே சாட்சியம் செல்லாம போகாது, சொல்லிக் கொடுத்து சொல்லுதாங்கறதைத்தான் கோர்ட் கவனமா பார்க்கும்.

காரணம் பத்தி கேட்டிருக்கீங்க. காரணம் வேற, எண்ணம் வேற. எதுக்காகக் கொன்னான்ங்கறது காரணம், கொல்லணும்னு தெரிஞ்சே பண்ணினானாங்கறது எண்ணம். நேர்ல பார்த்த சாட்சி நம்பும்படியா இருந்தா காரணமே நிரூபிக்கலைன்னாலும் தண்டனை நிக்கும். சூழ்நிலை சாட்சியத்தை மட்டும் வெச்சு நடத்துற வழக்குல காரணம் இல்லைன்னா சங்கிலி பலவீனமாகும், அவ்வளவுதான்.

எண்ணத்தை எப்படி ஒவ்வொரு செங்கல்லா அடுக்கணும்ங்கறதுக்கு நான் ஜூனியர்களுக்கு சொல்றது கேரளா கொல்லம் பாம்பு வழக்கைத்தான். 2020 மார்ச்ல ஒரு பொண்ணை புருஷன் வீட்ல கண்ணாடி விரியன் கடிச்சது, ஆஸ்பத்திரியில வாரக்கணக்கா கிடந்து பிழைச்சு அம்மா வீட்டுக்கு வந்தாங்க. மே மாசம் 7-ஆம் தேதி, அங்கயே தூக்கத்துல நல்ல பாம்பு கடிச்சு இறந்துட்டாங்க. ஒரே பொண்ணுக்கு ரெண்டு தடவை, ரெண்டு வேற பாம்பு. கொன்னது பாம்பு, அப்ப மனுஷனோட எண்ணத்தை எங்கிருந்து எடுக்கிறது? புருஷன் போன்ல பாம்பு சம்பந்தமா தேடினதை எடுத்தாங்க. பாம்பு வித்தவர் அப்ரூவர் ஆனாரு, அதாவது அரசுத் தரப்பு சாட்சியா மாறினாரு. உடம்புல தூக்கம் வர வைக்கிற மருந்து இருந்ததை லேப் சொல்லிச்சு. அதுக்கெல்லாம் மேல, ஒரு டம்மி பொம்மையில கோழிக்கறியை வெச்சுக் கட்டி நிஜ நாகத்தை விட்டு கடிக்க வெச்சுப் பார்த்தாங்க. பாம்பு தானா கடிச்சா ரெண்டு பல் தடத்துக்கும் நடுவுல 2 சென்டிமீட்டருக்கு உள்ளதான் இடைவெளி, தலையைப் பிடிச்சு அழுத்தி கடிக்க வெச்சா அது அகலமாகுது. அந்தப் பொண்ணு கையில இருந்த ரெண்டு கடியிலயும் இடைவெளி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்துச்சு. 2021 அக்டோபர்ல கொல்லம் செஷன்ஸ் கோர்ட் ரெட்டை ஆயுள் கொடுத்துச்சு. அந்த விசாரணை அதிகாரிங்களை மனசாரப் பாராட்டணும், ஏன்னா பாம்பு கடிச்சு செத்ததுன்னு ஃபைலை மூடியிருந்தா கேட்க ஆளில்ல.

ஆனா இதே தட்டோட அடுத்த பக்கமும் தெரிஞ்சிருக்கணும். ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கு, 1984. புனேவுல கல்யாணமான நாலே மாசத்துல பொண்ணு பொட்டாசியம் சயனைடால இறந்து கிடந்தாங்க. கீழ் கோர்ட் தூக்கு, ஹைகோர்ட்டும் தூக்கு. சுப்ரீம் கோர்ட், அந்தப் பொண்ணு தன் அக்காவுக்கும் தோழிக்கும் எழுதின கடிதங்களைப் படிச்சுப் பார்த்து, மனசு உடைஞ்சு அவங்களே குடிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்குன்னு புருஷனை விடுதலை பண்ணிச்சு. சூழ்நிலை சாட்சியத்துக்கு அந்தத் தீர்ப்புல சொன்ன அஞ்சு விதியைத்தான் இன்னிக்கும் எல்லா கோர்ட்டும் பின்பத்துது. சந்தேகம் எவ்வளவு பலமா இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது, இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. தூக்குமேடை வரைக்கும் போற விஷயம் இது.

கேள்வி: எங்க ஊர்ல ஒரு அக்கா. 14 வருஷம் புருஷன் கிட்ட அடி. ஒரு நாள் ராத்திரி பெரிய பொண்ணு மேல கை வெக்க போனானாம். அவன் தூங்கினதும் அருவாமணையால வெட்டிட்டாங்க. தூங்குறவரைக்கும் காத்திருந்தது திட்டமிட்ட கொலைன்னு போலீஸ் சொல்லுது. அவங்களுக்கு வழியே இல்லையா மேடம்? (வாசகி, திருநெல்வேலி)

இந்தக் கடிதத்தை படிச்சுட்டு ரொம்ப நேரம் அடுத்த வேலை ஓடலை. வழி இருக்கு, அதுவும் அந்த வழியைத் திறந்ததுல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு பெரிய பங்கு இருக்கு.

சட்டத்துல கொலையை கொலையில்லாம ஆக்குற முதல் விதிவிலக்கு, கடுமையான, திடீர்னு வந்த தூண்டுதல்ல தன் கட்டுப்பாட்டை இழந்து செஞ்சா. இதுல "திடீர்"ங்கறதுதான் பொண்ணுங்களுக்கு எப்பவும் இடிக்கும். நானாவதி வழக்கை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை அதிகாரி, தனக்கு வேற ஒருத்தரோட உறவு இருக்குன்னு மனைவி சொன்னதும் மனைவியையும் பிள்ளைங்களையும் சினிமா தியேட்டர்ல இறக்கி விட்டுட்டு, கப்பலுக்குப் போய் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு குண்டும் வாங்கிக்கிட்டு, அந்த ஆள் ஆபீசுக்குப் போய் தேடி, அங்க இல்லைன்னு வீட்டுக்கே போய் சுட்டாரு. கேட்டதுக்கும் சுட்டதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், அதுக்குள்ள மனசு ஆறியிருக்கணும், இது விதிவிலக்குல வராதுன்னு 1961 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் முடிச்சுடுச்சு. அந்த அளவுகோலை அப்படியே உங்க ஊர் அக்காவுக்கு வெச்சா அவங்க தோத்துடுவாங்க. முழிச்சிருக்கிற ஆம்பளையை எதிர்த்து நிக்க உடம்புல பலம் இல்லாதவங்க அவன் தூங்கினப்புறம்தான் கை ஓங்க முடியும், அதைத் திட்டம்னு பேர் வெச்சா அது நியாயமா?

1989-ல சுயம்புக்கனி வழக்கு. கஷ்டம் தாங்காம பிள்ளைங்களோட கிணத்துல குதிச்ச ஒரு தாய், பிள்ளைங்க போயிடுச்சு, அவங்க பிழைச்சுக்கிட்டாங்க, கொலை வழக்கு அவங்க மேல. மெட்ராஸ் ஹைகோர்ட் நம்ம நல்லதங்காள் கதையையே எடுத்து வெச்சு, தொடர்ந்து வர்ற கொடுமையும் ஒரு தூண்டுதல்தான், சட்டப் புத்தகத்துல எழுதின விதிவிலக்கு அதோட நின்னுடலைன்னு சொல்லிச்சு. "நீடித்த தூண்டுதல்"னு எங்க வட்டாரத்துல சொல்லுவோம். சுப்ரீம் கோர்ட்டும் 2022 ஆகஸ்ட்ல சத்தீஸ்கர் வழக்கு ஒண்ணுல, தௌவாராம் நிர்மல்கர் வழக்குன்னு பேரு, கடைசியா நடந்த சம்பவத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதுக்கு முன்னாடி வரிசையா நடந்த கொடுமையெல்லாம் சேர்த்து பார்க்கணும்னு சொல்லி 302-ஐ 304 முதல் பகுதிக்கு மாத்திச்சு. அங்க செத்தது குடிச்சுட்டு ஓயாம திட்டி மிரட்டிக் கொடுமை பண்ணின கூடப்பிறந்தவன்.

அதனால அந்த அக்காவோட வக்கீல் செய்ய வேண்டியது, 14 வருஷத்தை கோர்ட்டுக்குள்ள கொண்டு வர்றது. மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்த சி.எஸ்.ஆர். (புகார் கொடுத்ததுக்கான ரசீது) இருந்தா எடுக்கணும். கை உடைஞ்சு கட்டு போட்ட ஓ.பி. சீட்டு, ஜி.ஹெச். ரெக்கார்டு, ஊர்ப் பஞ்சாயத்துல எழுதி வாங்கின பேப்பர், அடிபட்ட போட்டோ, அக்கம்பக்கத்து சாட்சி. பெரிய பொண்ணோட வாக்குமூலம் ரொம்ப முக்கியம், மாஜிஸ்திரேட் முன்னாடி பதிவு பண்ணச் சொல்லி கேளுங்க. அந்தப் பொண்ணை மிரட்டாம, நோகாம, கூட ஒரு பெண் ஆலோசகரை வெச்சுக்கிட்டு பேசணும். அருவாமணை வீட்ல அன்னாடம் புழங்குற பொருள், வெளியில இருந்து வாங்கிட்டு வந்தது இல்லங்கறதையும் விட்டுடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு போதும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பாங்க.

கேள்வி: கல்யாணம் ஆகி 5 வருஷத்துல என் மக இறந்துட்டா. கொலைன்னு நிரூபிக்க முடியாட்டி அவங்க தப்பிச்சுடுவாங்களா? (வாசகர், கடலூர்)

ஐயா, 7 வருஷத்துக்குள்ள இயற்கைக்கு மாறான சாவு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரதட்சணை கேட்டு கொடுமை பண்ணியிருந்தாங்கன்னா அது வரதட்சணை மரணம், பழைய 304-பி, இப்ப பி.என்.எஸ். 80. குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும். இதுல கொல்லணும்ங்கற எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்ல, கொடுமையைக் காட்டிட்டா சட்டமே அவங்களுக்கு எதிரா ஊகம் பண்ணும். கொலைக்கான ஆதாரமும் இருந்தா ரெண்டு குற்றச்சாட்டையும் சேர்த்தே வனையலாம். ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணையில நீங்க கொடுத்த வாக்குமூலத்தோட நகலை கட்டாயம் வாங்கி வெச்சுக்குங்க.

கேள்வி: இப்படி ஒரு சாவு நடந்த உடனே குடும்பத்துக்காரங்க என்ன செய்யணும்? (வாசகி, மதுரை)

வீட்டைக் கழுவ விடாதீங்க. துக்கத்துல சொந்தக்காரங்க யாராவது தரையைத் துடைச்சு சாமானை எடுத்து வெச்சுடுவாங்க, அதோட பாதி கேஸ் போயிடும். ரத்தம் எந்த இடம் வரைக்கும் தெறிச்சிருக்கு, எந்த சாமான் எங்க கிடந்துச்சுங்கறதுலதான் நான் மேல சொன்ன எண்ணம் அத்தனையும் இருக்கு. முடிஞ்சா போன்ல வீடியோ எடுத்துடுங்க, எடுத்த போனை மாத்தாதீங்க, விக்காதீங்க, ஏன்னா கோர்ட்ல கொடுக்கும்போது சாட்சிய சட்டம் 63-வது பிரிவுல சர்டிஃபிகேட் கேப்பாங்க. செத்தவங்க போன்ல இருக்கிற வாட்ஸ்அப் வாய்ஸ், மெசேஜ் எதையும் அழிக்காம ஐ.ஓ. கிட்ட ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. சாவுக்குக் காரணமான சூழ்நிலையைப் பத்தி செத்தவங்க சொன்னது சாட்சியமா ஏறும்.

போலீஸ் கிட்ட முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிடுங்க, பார்த்ததை பார்த்தேன்னும் கேட்டதை கேட்டேன்னும் மட்டும் சொல்லுங்க. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துறேன்னா, போலீஸ் வாக்குமூலத்துல இல்லாத ஒண்ணை கோர்ட் கூண்டுல முதல் முறையா சொன்னா குறுக்கு விசாரணையில அதை வெச்சே உண்மையான சாட்சியையும் பொய்யாக்கிடுவாங்க. ஒரு அடியைப் பார்த்த அம்மா, பொண்ணு மேல இருக்கிற பாசத்துல "பத்து அடி அடிச்சான்"னு சொல்லிடுவாங்க, போஸ்ட்மார்ட்டத்துல ஒரு காயம்தான் இருக்கும், அப்புறம் அந்த அம்மா சொன்ன எதையுமே நம்ப முடியாதுன்னு எதிர்த்தரப்பு உக்காந்துடும். ஒரு அடியே கொலைக்குப் போதும்னு சட்டம் சொல்லும்போது பத்துன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

சாட்சி விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பி.பி.யைப் போய்ப் பாருங்க. சார்ஜ்ஷீட் காப்பி, பார்வை மகஜர், வரைபடம், ஏ.ஆர். காப்பி, போஸ்ட்மார்ட்டம் சர்டிஃபிகேட், இந்த அஞ்சையும் ஒரு ஃபைல்ல போட்டு கையோட கொண்டு போங்க.